பூட்டி வைத்த ஓட்டை

பெரிய மருமகள் கம்ப்யூட்டரில் வரைந்த தகட்டை, வந்தவர் மௌஸால் பிடித்து இழுத்தார். தகடு கோணிக்கொண்டு போனது. மூலையில் இருந்த ஓட்டை ஒன்று ஓரத்தைத் தாண்டி வெளியே வந்து நின்றது. வந்தவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "கோடெல்லாம் இன்னும் லூஸா இருக்கே" என்று மட்டும் சொன்னார். சிரித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் அந்தப் பட்டறையில் அளவு பார்க்கிறவன். மெஷினில் இருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் டிராயிங்கோடு ஒப்பிட்டுச் சரி, சரியில்லை என்று சொல்வதுதான் என் வேலை. சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் என்கிற அளவுக் கருவி இருப்பதால் என் பெயரே அதுவாகிவிட்டது. பதினாலு வருடமாக அந்தக் குடும்பத்தின் கூரைக்குக் கீழே இருக்கிறேன். கீழே பட்டறை, மேலே அவர்கள் வீடு. மாடியில் யார் யாரிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது காலையில் டிராயிங் அறைக் கதவு சாத்தப்படும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

முதலாளிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மெஷின் ஓட்டுகிறான். இளையவன் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். மூத்தவன் மனைவிதான் ஒன்பது வருடமாக எல்லா டிராயிங்கும் போட்டவள். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. தானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை பார்ப்பாள். அவள் டிராயிங்கில் ஒரு தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்று நானே ஆசைப்பட்டிருக்கிறேன், ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

ஆனால் அவள் கோடுகள் நீலம். அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிராயிங் போடுகிற மென்பொருளில் ஒரு கோடு போட்டதும் அது நீலமாக இருக்கும். நீளம் இவ்வளவு, இந்த ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம், எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்குச் சமம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தால்தான் அது கறுப்பாகும். கறுப்பான கோட்டை யார் பிடித்து இழுத்தாலும் அசையாது. அதைவிட முக்கியம், நீளத்தை மாற்றினால் மற்றதெல்லாம் தானாகத் தன் இடத்துக்குப் போய் உட்காரும். நீலக் கோடு அப்படியல்ல. இருக்கிற இடத்தில் சரியாகத்தான் இருக்கும், தொட்டால் நகர்ந்துவிடும். அவள் தொடாமல் பார்த்துக்கொண்டாள். ஒன்பது வருடம் வேறு யாரும் தொடவும் இல்லை.

இப்போது வந்திருந்தவர் பாக்கிங் மெஷின் செய்கிற கம்பெனிக்காரர். அவருக்கு ஒரே தகடு ஏழு நீளத்தில் வேண்டும். ஒன்றை வரைந்து, எண்ணை மட்டும் மாற்றி, மற்ற ஆறையும் எடுக்க வேண்டும் என்றார். பக்கத்து மேசையில் சின்ன மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய ஃபேக்டரியின் டிராயிங் அறையில் வேலை பார்த்தவள். மாடியில் சும்மா உட்கார்ந்து என்ன பண்ணப் போகிறாய், கீழே வா என்று கையைப் பிடித்து அழைத்து வந்ததே பெரியவள்தான்.

முதலாளி சின்னவளைப் பார்த்தார். அவள் அந்தத் தகட்டையே தன் திரையில் வரைந்தாள். கால் மணி நேரம். எல்லாம் கறுப்பு. வந்தவர் இழுத்தார், அசையவில்லை. நானூறு என்றிருந்த நீளத்தை ஐந்நூறு ஆக்கினார். ஓட்டைகள் எல்லாம் வரிசையாக நகர்ந்து தத்தம் இடத்துக்குப் போய் நின்றன. "இதான், இதான்" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே மேசை மாறியது. ஜன்னல் ஓரத்தில் பெரிய திரையோடு இருந்த மேசை சின்னவளுக்கு. பெரியவள் தன் டீ கிளாஸையும் கால்குலேட்டரையும் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் தானே எடுத்துக்கொண்டு சுவர் ஓர மேசைக்குப் போனாள். சின்னவள் உதவிக்கு எழுந்தாள். "இருக்கட்டும், எனக்குக் கை இருக்கு" என்றாள் பெரியவள். ஓரகத்திகளுக்கு நடுவில் அதுவரை இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. நான் டிராயிங் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றை நாலாவது தடவையாக அளந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அது பொறாமைதான். அவள் கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேனே, அவள் பார்வை தன் திரையில் நிற்பதில்லை, ஜன்னல் பக்கமே போய்ப் போய் வந்தது.

கற்றுக்கொள்ளவும் பார்த்தாள். ராத்திரிச் சமையலை முடித்துவிட்டு வந்து தன் பழைய டிராயிங்கைத் திறந்து ஒவ்வொரு கோடாகக் கறுப்பாக்குவாள். ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லிவிட்டால் அந்த மென்பொருளுக்குக் கோபம் வந்துவிடும், முழுப் படமும் சிவப்பாகிவிடும். அவளுக்கு அடிக்கடி சிவந்தது. ஒருநாள் சின்னவள் எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரே ஒரு அளவை அழித்தாள். சிவப்பு போய்விட்டது.

"இது வேணாம்க்கா. ஏற்கெனவே ஒரு தடவ சொல்லியாச்சு, அதான் சண்ட போடுது."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் பெரியவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து அவள் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

போதாக்குறைக்கு அவள் கணவன். மூத்தவன் வெள்ளந்தி, மனதில் பட்டதை எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்று தெரியாதவன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும், சின்னவள் டிராயிங் வந்தால் மெஷினில் ஒரு சந்தேகம்கூட வருவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்றான். பெரியவள் அவனுக்குப் போட எடுத்த கரண்டிச் சோற்றை அப்படியே பாத்திரத்தில் திரும்பக் கொட்டினாள். அவனுக்குக் காரணம் புரியவே இல்லை. சோறு இன்னும் இருக்கிறதே என்று கேட்டான்.

அந்த வாரத்திலிருந்து அவள் தினமும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு என் மேசைக்கு வர ஆரம்பித்தாள்.

"அண்ணே, அவ டிராயிங்ல தப்பு ஏதாச்சும் வந்துச்சா?"

"வரலையே."

"நல்லா பாத்தீங்களா?"

"எனக்கு வேலையே அதானே தங்கச்சி."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவள் தினமும் கேட்க மாட்டாள். மத்தியானம் சின்னவள் சாப்பாடு சூடு பண்ண மாடிக்குப் போகும் பத்து நிமிடத்தில், இவள் ஜன்னல் மேசையில் போய் உட்காருவதைப் பார்த்தேன். டிராயிங்கைத் திறந்து ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து இழுப்பாள். ஏதாவது ஒன்று நகராதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் மூடிவிட்டு எழுந்துவிடுவாள். டிராயிங் அறை வீட்டுக்கு வெளியே நீட்டிக் கட்டியது, மேலே தகரக் கூரை, மத்தியான வெயில் அதில் இறங்கி அறையே அடுப்பாக இருக்கும். ஃபேனைக்கூடப் போடாமல் வியர்வை வழிய உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் நகரவில்லை. எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிடைத்தது. இது அவளே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாக்கிங் மெஷின்காரரின் தகட்டில், நட்ட நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. எந்த நீளமாக இருந்தாலும் அது நடுவில்தான் இருக்க வேண்டும். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை, கறுப்பு. ஆனால் அதன் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு குறி இருந்தது. உற்றுப் பார்த்தாள். பூட்டு. அந்த மென்பொருளில் ஒரு புள்ளியை எந்த அளவும் சொல்லாமல் இருக்கிற இடத்திலேயே பூட்டிவிடலாம். பூட்டினாலும் கோடு கறுப்பாகத்தான் தெரியும், இழுத்தாலும் வராது. ஆனால் தகடு நீளும்போது அந்த ஓட்டை கூடவே போகாது, போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவள் நானூறை நானூற்று ஆறு ஆக்கிப் பார்த்தாள். மற்ற ஓட்டைகள் நகர்ந்தன. நடு ஓட்டை இருநூறிலேயே நின்றது. இருநூற்று மூன்றுக்குப் போயிருக்க வேண்டும்.

எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு எழுந்தாள். சின்னவள் சூடான பாத்திரங்களோடு இறங்கி வந்தாள். அன்று பெரியவள் சாயங்காலம் பட்டறைக்கே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தாள். நல்ல நாளாக இருக்கும் போலிருக்கிறது என்று நானும் குடித்தேன், மடையன்.

வியாழக்கிழமை தகடுகள் மெஷினுக்கு ஏறின. ஏழு நீளம், ஒவ்வொன்றிலும் எட்டு. துருப்பிடிக்காத இரும்பு, துளை போடும்போது கத்தும். சூடு தணிக்கிற கூலன்ட் பால் மாதிரி வழிந்து ஓடும். மூத்தவன் ஒவ்வொன்றாக இறக்கி, பிசிறை அரம் வைத்துத் தேய்த்து, துடைத்து என் மேசையில் வைப்பான். இரண்டு நாள் அந்தச் சத்தம்தான். பெரியவள் டிராயிங் அறையில் இல்லை. மெஷின் பக்கத்தில் வந்து வந்து நின்றாள். என்னவென்று மூத்தவன் கேட்டான், சும்மா என்றாள். மத்தியானம் தட்டைத் தொடவில்லை. மூன்றாவது நீளம் வந்தபோது என்னிடம் வந்தாள்.

"நடு ஓட்டைய பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன். டிராயிங்ல இருநூறு. இங்கயும் இருநூறு."

"சரியா இருக்கா?"

"கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல."

அவள் அந்தத் தகட்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, நான் கேட்கவில்லை. நான் அளக்கிறது டிராயிங்கை வைத்துத்தான். டிராயிங்கே தப்பாக இருந்தால் என் வெர்னியரும் அதோடு சேர்ந்து பொய் சொல்லும். அவள் தகட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மற்றத் தகடுகளும் ஓடி முடிந்தன.

அடுத்த வாரம் ஒரு மழைநாளில் தகடுகள் அத்தனையும் வேனில் திரும்பி வந்தன. நானூறு நீளத்தில் போட்ட முதல் எட்டைத் தவிர எதிலும் நடு ஓட்டை நடுவில் இல்லை. அடைத்து வேறு துளை போடலாமா என்று முதலாளி போனில் கேட்டார். சாப்பாட்டுச் சாமான் போகிற மெஷின், அடைத்த ஓட்டை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நனைந்த தகடுகள் வாசலில் அடுக்கியிருந்தன. நாங்கள் எல்லோரும் டிராயிங் அறையில் நின்றோம்.

சின்னவள் டிராயிங்கைத் திறந்தாள். அந்தப் பூட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. யார் மேலும் பழி போடவில்லை. அந்த நடு ஓட்டையைப் பிறகு சேர்த்த அன்றைக்குக் கரண்ட் போனது, யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது, அணைந்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில் அப்போதைக்குப் பூட்டி வைத்தேன், அப்புறம் சரியாக அளவு கொடுக்கலாம் என்று நினைத்தேன், எல்லாம் கறுப்பாகத் தெரிந்ததால் மறந்தே போய்விட்டேன் என்றாள். மௌஸிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

முதலாளி அதிகம் பேசுகிறவர் இல்லை. "சரி. இனிமே பெரியவளே பாக்கட்டும். நீ அந்த மேசைக்குப் போம்மா" என்றார். அவ்வளவுதான்.

சின்னவள் எழுந்தாள். ஜன்னல் ஓர நாற்காலி காலியானது. மூன்று மாதமாகப் பெரியவள் ஏங்கியது அதற்காகத்தான். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்னம்மா தெரியும்?"

"அந்த ஓட்டைய பூட்டியிருந்தது. மெஷினுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பாத்துட்டேன்."

மூத்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாத்துட்டு ஏன் சொல்லல?"

"வயித்தெரிச்சல்" என்றாள். "வேற என்னன்னு சொல்றது. அவ அசிங்கப்படணும்னு இருந்துச்சு. நான் நின்ன மாதிரி அவளும் நாலு பேர் முன்னாடி நிக்கணும்னு இருந்துச்சு."

சின்னவள் அதுவரை அழவில்லை. மெதுவாகத் திரும்பினாள்.

"என்னிக்கிக்கா பாத்தீங்க?"

"செவ்வாக்கெழம. மத்தியானம்."

"செவ்வாக்கெழமையா." அவள் யோசித்தாள். "அன்னிக்கு உங்களுக்குப் புடிக்கும்னு என் முட்டையையும் உங்க தட்டுல வெச்சேனே."

"ஆமா."

"சாப்பிட்டீங்களேக்கா."

"சாப்பிட்டேன்" என்றாள் பெரியவள்.

சின்னவள் படியேறிப் போய்விட்டாள். மூத்தவன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலில் நனைந்துகொண்டிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட ஆரம்பித்தான். இழுக்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது. அவனை யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த நாலு நாள் மாடியில் இருந்தது வீடு இல்லை, ரயில்வே ஸ்டேஷன். ஒருத்தி சமையலறைக்குள் வந்தால் மற்றவள் வெளியே போவாள். உப்பு டப்பா எங்கே என்பதைக்கூட மாமனார் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். பாவம், அந்த மனிதருக்கு அறுபத்தெட்டு வயதில் அப்போதுதான் சொந்த வீட்டு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மூத்தவன் மெஷினோடு மட்டும் பேசினான். இளையவன் வெளியூரிலிருந்து போன் செய்து அண்ணியிடம் கத்தினான் என்று கேள்வி. சின்னவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை முதலாளி இருவரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். வரைவது சின்னவள். பார்ப்பது பெரியவள். பெரியவள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள்கூட மெஷினுக்குப் போகக் கூடாது. இத்தனை புள்ளிகளை இழுத்துப் பார்த்து அந்த ஒரு பூட்டைக் கண்டுபிடித்த கண்ணை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்றார். முதலாளி இந்த ஏற்பாட்டைக் கணக்காகச் செய்தாரா, கோபத்தில் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கு அதிகத் தண்டனை என்றும் தெரியாது. பெரியவள் தலையாட்டினாள். சின்னவள் ஜன்னல் மேசையில் போய் உட்கார்ந்து தகட்டை முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் நின்றுகொண்டு, "பாருங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பெரியவள் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒளிந்து பார்க்கவில்லை, படியில் யாருடைய காலடிக்கும் பயப்பட வேண்டியதில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூலையையும் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு ஓட்டையையும் இழுத்தாள். எங்கேயாவது பூட்டு இருக்கிறதா என்று குறிகளை எல்லாம் திறந்து வைத்துத் தேடினாள். ஏழு நீளத்தையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். ஏழு தடவையும் நடு ஓட்டை நடுவுக்குப் போனது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் சின்னவள் உட்காரவில்லை. பெரியவள் தேடியது சரியா என்று பார்க்கத்தானா, தப்பைப் பிடிக்கத்தானா என்று கேட்டால், இரண்டுக்கும்தான் என்று சொல்வேன். ஒருவருக்கு வயிற்றெரிச்சல் நாலு நாளில் போய்விடுமா என்ன.

கடைசியில் மௌஸை வைத்துவிட்டு எதையோ முணுமுணுத்தாள்.

"என்ன?" என்றாள் சின்னவள்.

"சரியா இருக்குன்னேன்."

"சத்தமா சொல்லுங்க."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பண்ணது தப்புன்னு மாமாவுக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். வேன்காரனுக்குக்கூடத் தெரியும். இதுவும் அவங்களுக்குத் தெரியட்டும். சத்தமா சொல்லுங்கக்கா."

சின்னவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் விடுவதாக இல்லை. பெரியவள் எழுந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பட்டறைப் பக்கம் வந்து நின்றாள். கூலியாட்கள் இரண்டு பேர், நான், வாசல் பக்கம் முதலாளி, மெஷினுக்கு முன்னால் அவள் புருஷன். மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்து எதையோ கத்தினாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. மற்ற யாருக்கும் கேட்டிருக்காது.

மூத்தவன் திரும்பிப் பார்த்தான். நாலு நாளாகப் பேசாத மனைவி தன்னைப் பார்த்து ஏதோ கத்துகிறாளே என்று அவசரமாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். மெஷின் நின்றது. பட்டறையில் கூலன்ட் சொட்டுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"என்ன சொன்ன?" என்று கேட்டான்.

முதல் தடவை சத்தத்தில் மறைந்துகொண்டு சொல்லியிருந்தாள். இப்போது மறைந்துகொள்ள ஒன்றும் இல்லை. அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவுக்குள்ளிருந்து சின்னவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ டிராயிங்ல ஒரு தப்பும் இல்ல" என்றாள் பெரியவள். "என்னால இப்படிப் போட முடியாது."

இரண்டாவதைச் சொல்லும்படி அவளை யாரும் கேட்கவில்லை.